பழைய சொகுசு எஸ்யுவி: வாங்கும் விலை ஒன்று, வைத்திருக்கும் விலை வேறு

கிள்ளான், ஈப்போ, சுங்கை பட்டாணி, எந்த ஊராக இருந்தாலும் பழைய கார் கடை ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்பு பூசி, முன் வரிசையில் நிற்பது பெரும்பாலும் ஒரு பிஎம்டபிள்யூ எக்ஸ்5 அல்லது ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் அல்லது போர்ஷே கயானாக இருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்தால் நம்ப முடியாது. புதிய பெரோடுவா அல்சா வாங்கும் பணத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதான எக்ஸ்5 கிடைக்கிறது. மாதத் தவணையும் ஏறக்குறைய அதே கணக்குதான். மகன் கையைப் பிடித்து இழுக்கிறான், விற்பனையாளர் சாவியை நீட்டுகிறார்.

இந்த ஆசையைக் கேலி செய்வது எளிது, ஆனால் அதில் நியாயம் இல்லை. தோட்டத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் பெரிய நான்கு சக்கர வண்டி என்றால் அது துரை வரும் வண்டி. மழைக்காலத்தில் லோரி சிக்கிக்கொண்ட செம்மண் மேட்டில் லேண்ட் ரோவர் ஏறிப் போவதைப் பெரட்டுக் களத்திலிருந்து பார்த்தவர்கள் நம் பெற்றோர். 1948இல் வயல் வேலைக்கென்று பிறந்த வண்டி அது. அதன் சொகுசு வடிவமான ரேஞ்ச் ரோவர் 1970இல் வந்தது. 2008இல் அந்த நிறுவனத்தையே இந்தியாவின் டாட்டா வாங்கியது தனிக் கதை. அப்பா எட்டி நின்று பார்த்த வண்டியில் அப்பாவையே உட்கார வைத்து பத்துமலைக்கு ஓட்டிப் போவதில் ஒரு மகனுக்கு இருக்கும் மகிழ்ச்சியை வெள்ளிக்கணக்கில் அளக்க முடியாது.

வண்டியும் அந்த மகிழ்ச்சிக்குத் தகுதியானதுதான். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் அறுந்துவிடும். வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் ஓட்டி இறங்கினாலும் இடுப்பு வலிக்காது. காராக் மலைப்பாதையில் ஏழு பேரும் மூட்டை முடிச்சும் இருந்தாலும் இன்ஜின் முனகாது. மழையில் நான்கு சக்கரமும் தரையைப் பிடிக்கும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள சில வண்டிகள் பொத்தானை அழுத்தினால் தாழ்ந்து கொடுக்கும். முழங்கால் வலியுள்ள பாட்டி தானே ஏறி உட்காருவார். முதல் உரிமையாளர் மூன்று, நான்கு லட்சம் வெள்ளி கொடுத்து வாங்கிய தோலும் மரமும் எஃகும் பத்து ஆண்டு கழிந்தாலும் அப்படியேதான் இருக்கின்றன.

பிரச்சினை என்னவென்றால், உதிரிப்பாகத்தின் விலையும் அப்படியேதான் இருக்கிறது. வண்டியின் மதிப்பு நான்கு லட்சத்திலிருந்து எழுபதாயிரத்துக்கு இறங்கிவிட்டது என்பதற்காக அதன் கியர் பாக்ஸ் விலை இறங்கி வருவதில்லை. நீங்கள் வாங்குவது எழுபதாயிரம் வெள்ளி வண்டி அல்ல. எழுபதாயிரத்துக்குக் கிடைத்த நான்கு லட்சம் வெள்ளி வண்டி. பட்டறையில் பில் போடும்போது அந்த நான்கு லட்சத்தின் கணக்கில்தான் போடுவார்கள்.

எவை கெடும், ஏன் கெடும்

முதலில் ஏர் சஸ்பென்ஷன். சாதாரண வண்டியில் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் இதில் ரப்பர் காற்றுப்பை இருக்கும். ஒரு சிறிய கம்ப்ரசர் அதற்குக் காற்று அடைக்கும். ரப்பர் என்றால் வயதாகும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் வயதாகும். மடிப்பில் சன்னமாக வெடிப்பு விழுந்து காற்று கசியத் தொடங்கும். கசிவைச் சரிக்கட்ட கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், ஓடி ஓடி அதுவும் எரிந்து போகும். ஒரு பையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, தள்ளிப்போட்டதால் பையும் கம்ப்ரசரும் சேர்ந்த செலவாகிறது. ரேஞ்ச் ரோவர், மெர்சிடிஸ் எம்எல், ஆவ்டி கியூ7, கயான் எல்லாவற்றிலும் இந்தக் கதை உண்டு. எக்ஸ்5இல் பல மாடல்களுக்குப் பின்பக்கம் மட்டும் காற்றுப்பை. அதனால் செலவு பாதி. சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. முதல் நாள் மாலை வண்டி நிற்கும் உயரத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை யாரும் இன்ஜினைத் தொடுவதற்கு முன் போய்ப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் நொண்டிக் குதிரை போல் தாழ்ந்திருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். அல்லது விலையைப் பேசுங்கள்.

அடுத்தது வெப்பம். இந்த வண்டிகளின் குளிர்விப்புப் பகுதியில் நிறைய பிளாஸ்டிக் இருக்கிறது: கூலண்ட் குழாய் இணைப்பு, தெர்மோஸ்டாட் கூடு, விரிவுத் தொட்டி. ஜெர்மனியின் குளிரில் பதினைந்து ஆண்டு தாங்கும் பிளாஸ்டிக், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் தினமும் வெந்து எட்டு, பத்து ஆண்டில் பிஸ்கட் போல் நொறுங்கும். முதல் தலைமுறை கயானின் வி8 இன்ஜினில் கூலண்ட் போகும் பிளாஸ்டிக் குழாய்கள் இன்டேக்குக்கு அடியில் ஒளிந்திருந்தன. அவை வெடிக்கும் பழக்கம் உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. பிறகு அலுமினியக் குழாய்கள் வந்தன. எக்ஸ்5இன் பல பெட்ரோல் இன்ஜின்களில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. பெல்ட்டில் ஓடும் பம்ப் சாகும் முன் கத்தும், ஒழுகும். மின்சாரப் பம்ப் பல நேரம் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும். வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தபின் 'அடுத்த டோல் வரைக்கும் போய்விடலாம்' என்று ஓட்டியவர்கள்தான் ஹெட் வளைந்து, இன்ஜினையே மாற்ற வேண்டிய நிலைக்கு வருகிறார்கள். விளக்கு எரிந்தால் ஓரம்கட்டி நிறுத்துங்கள். இழுவை லோரிக் கட்டணம்தான் அன்று உங்களுக்குக் கிடைக்கும் மலிவான சேவை.

எண்ணெய்க் கசிவும் வெப்பத்தின் பிள்ளைதான். வால்வு கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் கூட்டின் கேஸ்கெட் ஆகிய இரண்டும் பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர் அனைவரும் ஒருநாள் கற்றுக்கொள்ளும் சொற்கள். பாகம் மலிவு, பிரித்து மாட்டும் கூலிதான் அதிகம். தரையில் ஒரு சொட்டு எண்ணெயைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் விற்பவர் அதைத் துடைத்து மறைத்திருந்தால் வேறு எதை மறைத்தார் என்று யோசிக்க வேண்டும்.

கியர் பாக்ஸைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நம்மிடையே உலவுகிறது: 'இதற்கு ஆயுள் முழுவதும் எண்ணெய் மாற்ற வேண்டாம், கம்பெனியே சொல்லியிருக்கிறது'. எக்ஸ்5 உள்ளிட்ட பல வண்டிகளுக்குத் தானியங்கி கியர் பாக்ஸ் செய்து தரும் ஸட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. வாங்கப் போகும் வண்டி 130,000 ஓடியிருந்து, எண்ணெய் மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை உங்கள் கணக்கில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

மின்னணுச் சாதனங்களைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும். ஒன்று மட்டும். மேற்கூரைக் கண்ணாடியின் ஓரத்தில் மழைநீர் வடியும் சன்னமான குழாய்கள் உண்டு. மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் இலைச்சருகு அதை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பளத்துக்கு அடியிலும், சில மாடல்களில் பின்பெட்டியின் அடியிலும் இருக்கும் கம்ப்யூட்டர்களை நனைக்கும். பிறகு காரணமே இல்லாமல் விளக்குகள் எரியும், ஹாரன் தானாக அடிக்கும், பேய் பிடித்த வண்டி என்று பெயர் வாங்கும். வண்டிக்குள் ஈரநாற்றம் அடித்தால் வாசனைத் திரவியத்தை நம்பாதீர்கள்.

டயரையும் மறந்துவிடக் கூடாது. எக்ஸ்5இன் சில ரகங்களுக்கு முன்னால் 275, பின்னால் 315 அளவில் 20 அங்குல டயர். ஒன்றின் விலை ஆயிரம் வெள்ளியைத் தாண்டுவது வழக்கம். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் ஒரு டயர் புதிது, ஒரு டயர் மொட்டை என்று கலந்து போட்டால் சுற்றளவு மாறி, முன்பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்து போகும். நான்கு டயரும் நான்கு பிராண்டாக இருக்கும் வண்டியின் பழைய உரிமையாளர் எதில் எல்லாம் மிச்சம் பிடித்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லா வண்டிக்கும் ஒரே நோய் அல்ல. 2005இல் வந்த மெர்சிடிஸ் எம்எல்லின் தொடக்கக்கால வி6 பெட்ரோல் இன்ஜின்களில் பேலன்ஸ் ஷாஃப்ட் பற்சக்கரம் தேயும் குறை இருந்தது. அதைச் சரிசெய்ய இன்ஜினை இறக்க வேண்டும். 2010 வாக்கில் வந்த ரேஞ்ச் ரோவர் 5.0 வி8 இன்ஜினில் டைமிங் செயின் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும். பார்க்கும் மாடலின் பெயரோடு அதன் நோயின் பெயரையும் தெரிந்துகொண்டு போவதுதான் பாதுகாப்பு.

கூலிமில் பிறந்த எக்ஸ்5

நம் நாட்டுச் சந்தையில் இப்போது அதிகம் பேசப்படும் வண்டி எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்40இ. கெடா, கூலிமில் உள்ள இனோகோம் ஆலையில் பொருத்தப்பட்டு 2016இல் விற்பனைக்கு வந்தது. மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடும் வண்டி என்பதால் வரிச்சலுகை கிடைத்து 388,800 வெள்ளிக்கு விலை நிர்ணயிக்கப்பட்டது. அந்த விலைக்கு 313 குதிரைத்திறன் எக்ஸ்5 என்பது அன்று பெரிய செய்தி. வாங்கியவர்கள் நிறைய. அதனால் இன்று விற்பவர்களும் நிறைய. முதல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கே கிடைக்கிறது. இன்ஜின் 1,997 சிசி மட்டும் என்பதால் சாலை வரியும் 440 வெள்ளிக்குள் அடங்கிவிடும். கேட்கக் கேட்க இனிக்கிறது அல்லவா?

பின்பெட்டிக்கு அடியில் 9 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள உயர் அழுத்த பேட்டரி ஒன்று இருக்கிறது. புதிதாக இருந்தபோதே மின்சாரத்தில் மட்டும் சுமார் 31 கிலோமீட்டர்தான் போகும் என்பது நிறுவனக் கணக்கு. எட்டு, ஒன்பது ஆண்டு கழித்து அதில் பாதி வந்தாலே நல்லது. பேட்டரியின் உத்தரவாதக் காலம் முடிந்த வண்டிகள்தான் இன்று சந்தையில் நிற்கின்றன. முழு பேட்டரியை மாற்றினால் பல்லாயிரம் வெள்ளி. வண்டி வாங்கிய விலையோடு ஒப்பிடும் அளவுக்குப் போகும். வெளிப் பட்டறைகள் சில, கெட்ட பகுதியை மட்டும் மாற்றித் தருகின்றன. அது மலிவு, ஆனால் ஒரு பகுதி போனால் அடுத்தது எப்போது போகும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். பேட்டரி கோளாறைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டால் பெட்ரோல் டாங்கி நிறைந்திருந்தாலும் வண்டி நகர மறுக்கலாம். ஆரஞ்சு நிற ஒயர்கள் உயிரைப் பறிக்கும் மின் அழுத்தம் உடையவை. பயிற்சி பெறாத போமன் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் அவற்றில் கைவைக்க விடாதீர்கள்.

இந்த வண்டியை வாங்கவே கூடாது என்பது என் கருத்தல்ல. விற்பவரிடம் முழுமையாக சார்ஜ் செய்யச் சொல்லி, மின்சாரத்தில் மட்டும் எவ்வளவு தூரம் போகிறது என்று நீங்களே ஓட்டிப் பார்த்து, அதன் பேட்டரி ஆரோக்கியத்தை ஸ்கேன் செய்த தாளையும் கையில் வாங்கிய பிறகு முடிவு செய்யுங்கள். 'சார்ஜர் கேபிள் காணாமல் போய்விட்டது' என்று சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

தோட்டத்துப் பாதையும் எலியும்

நகரத்தில் இருப்பவருக்கு இல்லாத சில தொல்லைகள் தோட்டப்புறத்தில் உண்டு. செம்பனை மட்டையின் முள் டயரின் பக்கவாட்டில் ஏறினால் ஒட்டுப்போட முடியாது. பல ஜெர்மானிய வண்டிகளில் உபரி டயர் கிடையாது. காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர் இருப்பதால் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சிறிது தூரத்துக்குள் அந்த அளவு டயர் விற்கும் கடை இருக்க வேண்டுமே! தைப்பிங்கில் கிடைக்கலாம், சுங்கை சிப்புட் உள்தோட்டத்தில் இரவு பத்து மணிக்குக் கிடைக்காது.

செம்மண் புழுதி ரேடியேட்டருக்கும் ஏர்கோன் கண்டென்சருக்கும் நடுவில் படிந்து, மழையில் சேறாகி, காற்று புகாமல் அடைக்கும். மேலே சொன்ன வெப்பப் பிரச்சினையை இது இரட்டிப்பாக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். எலித்தொல்லைக்காகத் தோட்ட நிர்வாகமே ஆந்தைப் பெட்டி நட்டு வைக்கும் இடத்தில் வண்டியை நிறுத்துகிறீர்கள். எலிக்கு மைவி என்றும் ரேஞ்ச் ரோவர் என்றும் தெரியாது. ஆனால் மைவியில் கடித்த ஒயரை மாற்றும் செலவும் ரேஞ்ச் ரோவரில் கடித்த ஒயரை மாற்றும் செலவும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இரவில் பானட்டைத் திறந்து வைத்து, கீழே ஒரு விளக்கு எரிய விடும் பழைய வழி இன்னும் பயன்படுகிறது.

எந்த ஊரில் இருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: ஒரு மணி நேரப் பயணத்துக்குள், அந்த பிராண்டை மட்டும் பார்க்கும் வெளிப் பட்டறை இருக்கிறதா? எல்லா வண்டியும் பார்க்கும் தாமான் பட்டறை போமன் நல்லவராக இருக்கலாம். அவரிடம் அந்த வண்டிக்குரிய ஸ்கேனர் இல்லையென்றால் ஊகித்து ஊகித்துப் பாகத்தை மாற்றுவார், ஒவ்வோர் ஊகத்துக்கும் பணம் கொடுப்பது நீங்கள்.

பாகம் வாங்கும்போது பெட்டியில் பிராண்டின் சின்னம் இருந்தாக வேண்டும் என்றில்லை. லெம்ஃபோர்டர், சாக்ஸ், பெஹர், மான், போஷ் போன்ற நிறுவனங்கள் கார் ஆலைகளுக்கே பாகம் கொடுப்பவை. அதே பாகம் அவர்கள் பெட்டியில் வந்தால் விலை வெகுவாகக் குறையும். ஹாஃப்கட் கடையிலிருந்து கண்ணாடி, கதவு, இருக்கை வாங்குவதில் தவறில்லை. ரப்பர், பம்ப், சென்சார் அங்கே வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் கெட்டதற்கு என்ன வயதோ அதே வயதுதான் அங்கே கிடப்பதற்கும். இன்ஜினையே மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்தாக வேண்டும். இல்லையென்றால் விற்கும் நாளில் சோதனையில் சிக்கும்.

ரோட்டெக்ஸ், காப்புறுதி, டீசல்

சாலை வரியில் ஒரு நல்ல செய்தி. தீபகற்பத்தில் பெரிய இன்ஜின் உள்ள எஸ்யுவிக்கு அதே அளவு இன்ஜின் உள்ள சலூன் காரைவிட வரி குறைவு. 5,000 சிசி ரேஞ்ச் ரோவருக்கு ஏறக்குறைய 4,840 வெள்ளி. அதே இன்ஜின் சலூன் வண்டியில் இருந்தால் 11,000 வெள்ளிக்கு மேல். 3,000 சிசிக்குச் சற்றுக் குறைந்த எக்ஸ்5 என்றால் 1,600 வெள்ளி சுற்றி வரும். சபா, சரவாக்கில் இன்னும் குறைவு.

காப்புறுதியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஐந்து ஆண்டு விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டினால் கிடைக்கும் 55 விழுக்காடு என்சிடி கழிவு உங்களுடையது. பழைய வண்டியிலிருந்து புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 'பெட்டர்மென்ட்' என்ற ஒரு விதி இருக்கிறது. ஐந்து வயதான வண்டியில் விபத்துக்குப் பிறகு புதிய பாகம் போட்டால் அதன் விலையில் 15 விழுக்காட்டை உரிமையாளர் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஐந்து விழுக்காடு ஏறி, பத்து வயதில் 40 விழுக்காடு. பத்து வயது கயானில் முன்பக்கம் இடித்து 20,000 வெள்ளிக்குப் புதிய பாகம் என்றால் 8,000 வெள்ளி உங்கள் கையிலிருந்து. இதற்குத் தனிச் சேர்ப்பு வாங்கும் வசதி உண்டா என்று முகவரிடம் கேளுங்கள். வெள்ளத்துக்கும் கண்ணாடிக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மிதந்த வண்டிகளில் இது இல்லாதவர்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது.

டீசல் எஸ்யுவி சிக்கனம் என்ற பேச்சு 2024 ஜூன் 10ஆம் தேதியோடு மாறிவிட்டது. அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. பெட்ரோல் வண்டியானாலும் நகர நெரிசலில் 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் குடிப்பது வி8 வண்டிக்குச் சாதாரணம்.

சம்போங் பாயார் என்னும் குழி

இதைத்தான் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'முன்பணம் ஐயாயிரம் மட்டும், மீதித் தவணையை நீங்கள் கட்டி வண்டியை ஓட்டுங்கள், பெயர் மாற்றத் தேவையில்லை.' இப்படிக் கைமாறும் வண்டிகளில் சொகுசு எஸ்யுவிகள் ஏராளம். தவணை கட்ட முடியாமல் திணறும் முதல் ஆளுக்குத் தப்பிக்கும் வழி, வங்கியில் கடன் கிடைக்காத இரண்டாம் ஆளுக்கு ஆசை தீரும் வழி. இரண்டு பேருக்கும் நல்லது போலத் தெரியும்.

தவணை முடியும் வரை வண்டி வங்கியின் சொத்து. வங்கியின் சம்மதம் இல்லாமல் அதை இன்னொருவரிடம் ஒப்படைப்பது 1967 வாடகைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் குற்றம். ஓட்டுபவருக்கு அந்த வண்டியில் எந்த உரிமையும் இல்லை. மூன்று ஆண்டு ஒழுங்காகத் தவணை கட்டிய பிறகும் பழைய உரிமையாளர் போலீசில் புகார் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டால் கேட்க வழியில்லை. கொடுத்தவருக்கோ, வாங்கியவர் கட்டாமல் விட்டால் வழக்கும் சம்மனும் தன் பெயரில் வரும், வண்டி எங்கே என்றே தெரியாது. விபத்து நடந்தால் காப்புறுதிச் சிக்கல் வேறு. பேப்பரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, சத்தியப் பிரமாணம் செய்து வைத்துக்கொண்டாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது.

முறையாகக் கடன் வாங்குபவரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு 80,000 வெள்ளி, ஏழு ஆண்டு, ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலையான வட்டி என்றால் மொத்தம் 102,400 வெள்ளி. மாதம் 1,219 வெள்ளி. கடன் முடியும் நாளில் வண்டிக்கு வயது பதினேழோ பதினெட்டோ. தொடர்ந்து இரண்டு மாதம் கட்டாவிட்டால் 21 நாள் அவகாச நோட்டீஸ் வரும். பிறகு வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஏலம் விட்டு, ஏலத் தொகை போதவில்லையென்றால் மீதியை உங்களிடமே கேட்பார்கள், ஜாமீன் கையெழுத்துப் போட்டவரிடமும் கேட்பார்கள். ஜாமீன் போட்டவர் உங்கள் மைத்துனரோ, தோட்டத்தில் வேலை செய்யும் சித்தப்பாவோ. அவர் மகளின் படிப்புக் கடன் விண்ணப்பம் அந்த ஒரு கையெழுத்தால் தடைபடக்கூடும்.

என் கணக்கு இது: வண்டி வாங்கிய பிறகு வங்கியில் 15,000 வெள்ளி தனியாக மிச்சம் இருக்க வேண்டும், வேலைக்குப் போக வீட்டில் இன்னொரு வண்டி நிற்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவர் இந்த வகை வண்டியைத் தள்ளிப்போடுவது நல்லது. எஸ்யுவி பட்டறையில் மூன்று வாரம் பாகத்துக்குக் காத்துக் கிடக்கும்போது, ஓட்டுவதற்கு ஒரு பழைய சாகா இருந்தால் அது வெறும் எரிச்சல். இல்லாவிட்டால் வேலைக்கே ஆபத்து.

பார்க்கப் போகும் நாளில்

காலையில் போங்கள், சொல்லாமல் கொஞ்சம் முன்னதாகப் போங்கள். பானட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். செயின் சத்தமும் புகையும் குளிர்ந்த இன்ஜினில்தான் தெரியும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பெல்ட் அடியில் சேற்றுக் கோடு இருக்கும். கடைக்காரர் எதைக் கழுவினாலும் அதை மறந்துவிடுவார். இருக்கைக்கு அடியில் உள்ள திருகாணிகளில் துரு இருக்கிறதா என்று கைபேசி விளக்கில் பாருங்கள்.

மீட்டர் 90,000 என்று காட்டி, ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தோல் தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்தால் மீட்டரை நம்பாமல் தோலை நம்புங்கள். பிஎம்டபிள்யூ போன்ற வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு சில கம்ப்யூட்டர்களிலும் சாவியிலும்கூடப் பதிவாகிறது. தெரிந்த பட்டறை ஒப்பிட்டுச் சொல்லும். ஸ்கேன் செய்யும்போது கோளாறுக் குறியீடு ஒன்றும் இல்லை என்றால் உடனே மகிழ வேண்டாம். அன்று காலைதான் எல்லாவற்றையும் அழித்திருக்கலாம். வண்டியின் சுயசோதனைகள் 'இன்னும் முடியவில்லை' என்று ஸ்கேனர் காட்டினால் அண்மையில் அழிக்கப்பட்டதற்கு அது அடையாளம்.

பஸ்பாகோம் பி5 சோதனை பாஸ் ஆகிவிட்டது என்பதை வண்டி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான அந்தச் சோதனை சேஸிஸ் எண், இன்ஜின் எண் போன்ற அடையாளங்களைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. கடன் வாங்குவதற்கு பி7 என்ற இன்னொரு சோதனை உண்டு. ஏர் சஸ்பென்ஷன் கசிவதையோ கியர் பாக்ஸ் உதைப்பதையோ இரண்டும் உங்களுக்காகக் கண்டுபிடித்துச் சொல்லாது. அதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த பட்டறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சில நூறு வெள்ளி செலவழிக்க வேண்டும். ஏற்ற விட மாட்டேன் என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்க ஒன்றும் இல்லை.

சொகுசும் வேண்டும், தலைவலியும் வேண்டாம் என்பவர்கள் ரீகண்ட் ஹாரியர் பக்கம் போகிறார்கள். அது பொருளுள்ள தேர்வு. ஜப்பானிலிருந்து ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் ஏபி அனுமதியில் வரும் வண்டி. இரண்டு லிட்டர் இன்ஜின், சாதாரண ஸ்பிரிங், எந்த ஊர் போமனுக்கும் பழக்கமான டொயோட்டா பாகங்கள். எக்ஸ்5இன் கம்பீரம் அதில் இல்லை என்பது உண்மை. விலையும் அவ்வளவு இறங்காது. நல்ல பெயருக்குக் கொடுக்கும் விலை அது. வாங்கும்போது ஜப்பான் ஏலத் தாளின் அசல் பிரதியைக் கேளுங்கள். அதில் 4 அல்லது 4.5 என்ற தரம் நல்லது; ஆர் என்ற எழுத்து இருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்யப்பட்ட வண்டி.

கடையில் வாங்கிய வண்டியில் சொல்லாமல் மறைத்த குறை வெளிப்பட்டால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். தனி ஆளிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த வழி திறக்காது. விற்பனையாளர் அனுப்பிய குறுஞ்செய்திகள், விளம்பரத்தின் படம், 'இன்ஜின், கியர் பாக்ஸ் உத்தரவாதம்' என்று எழுதிய ரசீது எல்லாவற்றையும் வண்டி வாங்கிய நாளிலேயே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். குறை தெரிந்த பிறகு தேடினால் விளம்பரம் அழிக்கப்பட்டிருக்கும்.